பிரஸ்டன் பிளம்பருக்கு என்ன சம்பளம்?

பழைய ஆட்டக்காரர்களின் கறுப்பு வெள்ளைப் படங்களைப் பகிர்ந்து மகிழும் கால்பந்து ரசிகர்களுக்கு,



டாம் ஃபின்னியின் அந்தப் புகழ்பெற்ற படம் உங்களில் பலரிடம் இருக்கும். 1956 ஆகஸ்டில் லண்டன் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜில் செல்சியோடு நடந்த ஆட்டம் அது. மழை கொட்டி மைதானம் குளமாகிக் கிடக்கிறது. தேங்கிய தண்ணீரை வாரியடித்துக்கொண்டு பந்தோடு பாய்கிறார் ஃபின்னி. அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டுப் படம் என்று பரிசு வாங்கியது. பின்னாளில் அதையே சிலையாக வடித்து, பிரஸ்டன் நகரின் டீப்டேல் மைதானத்துக்கு வெளியே நீரூற்றின் நடுவில் நிறுத்தினார்கள். படத்தின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அதற்குக் கீழே நீங்கள் எழுதும் வரிதான் உறுத்துகிறது. "இவர்கள் காசுக்கு ஆடியவர்கள் இல்லை, ஊருக்கு ஆடியவர்கள்" என்று எழுதுகிறீர்கள். கூடவே, இன்றைக்குக் கிளப் மாறிய யாரோ ஒருவரின் பெயரைப் போட்டு நாலு வசவு.

ஃபின்னி கொண்டாடப்பட வேண்டியவர்தான். நீங்கள் கொண்டாடுவது போதாது என்றுகூடச் சொல்வேன். ஆனால் அவருக்குச் சம்பளம் குறைவாக இருந்ததை அவருடைய நற்குணத்தின் கணக்கில் வரவு வைக்கிறீர்கள். அங்கேதான் நான் உங்களோடு மாறுபடுகிறேன். அந்தச் சம்பளத்தை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. அதற்கு மேல் கொடுப்பது விதிப்படி குற்றம்.

முதலில் ஆளைப் பற்றி. 1922இல் பிரஸ்டனில் பிறந்தவர். டீப்டேல் மைதானம் வீட்டுக்குப் பக்கம். வடமேற்கு இங்கிலாந்தின் லங்காஷயரில், பருத்தி ஆலைகளால் வளர்ந்த ஊர் அது. அந்த ஊரின் பிரஸ்டன் நார்த் எண்ட் சாதாரண கிளப் அல்ல. 1888-89இல் நடந்த முதல் லீக் போட்டியை ஒரு தோல்விகூட இல்லாமல் வென்று, அதே ஆண்டில் எஃப்.ஏ. கோப்பையையும் எடுத்தவர்கள். பையன் டாம் சிறுவயதிலேயே தாயை இழந்தவர், உடம்பும் ஒல்லி. பதினைந்து வயது நிறையும் முன்பே கிளப் அவரை அழைத்தது. அப்பா ஒரு நிபந்தனை போட்டார்: பிளம்பர் தொழிலுக்கான பயிற்சியை முடிக்காமல் முழுநேர ஆட்டக்காரனாகப் போகக் கூடாது. "பிரஸ்டன் பிளம்பர்" என்ற பட்டப்பெயர் வந்த கதை இதுதான். மைதானத்தில் பயிற்சி முடித்ததும் குழாய் வேலைக்குப் போவார். குடும்பம் நடத்த அந்த வருமானமும் வேண்டியிருந்தது. நீங்கள் இதை எளிமை என்று வியக்கிறீர்கள். இங்கிலாந்து அணியின் நட்சத்திர ஆட்டக்காரருக்கு இரண்டாவது தொழில் ஏன் தேவைப்பட்டது என்று யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

1940இல் தொழில்முறை ஒப்பந்தம் போட்டார். போர் நடந்துகொண்டிருந்ததால் லீக் போட்டி நின்றுவிட்டிருந்தது. ராணுவத்தின் கவசப் படைப் பிரிவில் சேர்ந்து, எட்டாவது ராணுவத்தோடு எகிப்துக்கும் பிறகு இத்தாலிக்கும் போனார். அங்கே டாங்கி ஓட்டினார். முதல் லீக் ஆட்டம் 1946 ஆகஸ்ட் 31இல்தான் கிடைத்தது. வயது இருபத்து நான்கு. நாலே வாரத்தில் இங்கிலாந்து அணியில் இடம். பெல்ஃபாஸ்டில் வட அயர்லாந்தை 7-2 என்று அடித்த முதல் ஆட்டத்திலேயே ஒரு கோல்.

அவருடைய ஆட்டம் எப்படி இருந்தது என்பதைப் பழைய செய்திப்பட ஓட்டங்களில் பார்க்கலாம். இயல்பில் இடது கால்காரர், ஆனால் வலது ஓரத்திலும் அதே லாவகம். பிற்காலத்தில் நடுவில் நின்றும் கோல் அடித்தார். இங்கிலாந்துக்கு 76 ஆட்டங்களில் 30 கோல். பிரஸ்டனுக்கு லீகில் 433 ஆட்டங்களில் 187. ஓரத்தில் ஆடியவருக்கு இது சின்னக் கணக்கு இல்லை. ஆயுளில் ஒரு முறைகூட நடுவரின் குறிப்பேட்டில் பெயர் ஏறியதில்லை. (மஞ்சள் அட்டை என்பதெல்லாம் 1970இல்தான் வந்தது.) ஸ்டான்லி மேத்யூஸ் பெரியவரா, ஃபின்னி பெரியவரா என்று அந்நாளில் இங்கிலாந்தே இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடந்தது. 1947இல் லிஸ்பனில் இருவரையும் ஆளுக்கொரு ஓரத்தில் நிறுத்தினார்கள். போர்ச்சுகலுக்கு விழுந்தது பத்து கோல். மேத்யூஸ் ஒன்று, ஃபின்னி ஒன்று, மிச்ச எட்டும் அவர்களுக்கு நடுவே நின்ற லாட்டனுக்கும் மார்டென்சனுக்கும். ஃபின்னியோடு பிரஸ்டனில் சேர்ந்து ஆடிய பில் ஷாங்க்ளி பிறகு லிவர்பூலைத் தூக்கி நிறுத்திய மேலாளர். அவர் கடைசிவரை சொன்னது ஃபின்னிதான் எல்லாரிலும் பெரியவர் என்று. ஓவர்கோட்டை மாட்டிக்கொண்டு ஆடினாலும் ஃபின்னியைப் பிடிக்க முடியாதாம்.

இப்போது சம்பளக் கணக்குக்கு வருவோம்.

இங்கிலாந்து லீகில் ஆட்டக்காரருக்கு உச்சவரம்புச் சம்பளம் என்ற விதி 1901இல் வந்தது. அப்போது வாரத்துக்கு 4 பவுண்டு. 1922இல் அது சீசன் நாட்களில் 8 பவுண்டு, கோடையில் 6. இரண்டாம் உலகப் போர் வரை அங்கேயே நின்றது. ஃபின்னி புகழின் உச்சியில் இருந்த 1952இல் 14 பவுண்டு. கோடையில் அதற்கும் குறைவு. 1958இல் 20. உலகமே பேசும் விங்கருக்கும் அதே அணியில் சுமாராக ஆடும் டிஃபெண்டருக்கும் இந்த ஒரே வரம்புதான். புதிய கிளப்பில் சேரும்போது கைக்கு வரும் சேர்க்கைத் தொகை 10 பவுண்டு.

இதைவிடக் கொடியது இன்னொரு விதி, 1893இலிருந்து இருந்தது. ஒப்பந்தம் ஓர் ஆண்டுக்குத்தான். ஆண்டு முடிந்ததும் யாரையெல்லாம் தக்கவைத்துக்கொள்கிறோம் என்று கிளப் ஒரு பட்டியல் போடும். அதில் உங்கள் பெயர் இருந்தால் தீர்ந்தது. புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மறுக்கலாம். ஆனால் வேறு எந்த லீக் கிளப்புக்கும் போக முடியாது. கையெழுத்து இல்லை என்பதால் சம்பளமும் கிடையாது. ஒப்பந்தம் முடிந்துபோன ஆளைக் கிளப் சம்பளமே கொடுக்காமல் கட்டிப்போட்டு வைக்கலாம். வேலையை விட்டுவிட்டுப் போகும் உரிமை ஆலைத் தொழிலாளிக்கு இருந்தது. கால்பந்து ஆட்டக்காரருக்கு அதுகூட இல்லை.

ஃபின்னியின் வாழ்க்கையில் இந்த விதி தலைகாட்டிய இடம் 1952. இத்தாலியை அவர் முதலில் பார்த்தது டாங்கிக்குள் இருந்து. அடுத்து 1948இல் டூரினில், இத்தாலியை 4-0 என்று இங்கிலாந்து வென்றபோது இரண்டு கோல் அவருடையவை. 1952 மே மாதம் இங்கிலாந்து அணி ஃபிளாரன்ஸில் ஆடப் போனபோது சிசிலித் தீவின் பலேர்மோ கிளப் அவரைத் தேடி வந்தது. அதன் தலைவர் ஓர் இளவரசர், லான்சா டி ட்ராபியா. சேர்வதற்கு 10,000 பவுண்டு, மாதம் 130 பவுண்டு, வெற்றிக்கு ஏற்றபடி 100 பவுண்டு வரை ஊக்கத்தொகை, மத்தியதரைக் கடலோரம் ஒரு மாளிகை, ஒரு கார், குடும்பம் வந்துபோகும் செலவு.

கொஞ்சம் கணக்குப் போடுங்கள். வாரத்துக்கு 14 பவுண்டு வாங்குபவர் 10,000 பவுண்டு சம்பாதிக்க ஏறத்தாழ பதினான்கு ஆண்டு ஆகும். ஃபின்னி பிரஸ்டனுக்காக லீக் ஆடியதே பதினான்கு சீசன்தான். ஆயுள் முழுதும் ஓடி ஓடிச் சம்பாதிக்க வேண்டியதைக் கையெழுத்துப் போட்ட அன்றே தருகிறேன் என்றார் அந்த இளவரசர்.

ஊர் திரும்பிய ஃபின்னி கிளப் தலைவர் நாட் பக்கிடம் போய்ச் சொன்னார். போகட்டுமா என்று கேட்டார். பிரஸ்டனுக்கு ஆடவில்லை என்றால் நீ எவனுக்கும் ஆட மாட்டாய் என்ற பொருளில் லங்காஷயர் கொச்சையில் பதில் வந்தது. பேச்சு அங்கே முடிந்தது. வெறும் மிரட்டலும் அல்ல. விதிப்புத்தகம் அவருக்குக் கொடுத்திருந்த அதிகாரம் அது. பலேர்மோவை உதறித் தள்ளிவிட்டு ஊர்ப்பாசத்தால் பிரஸ்டனிலேயே நின்றார் என்று எழுதுகிறீர்களே, அவருக்கு உதறித் தள்ளும் வாய்ப்பே வரவில்லை. அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை.

வாய்ப்பு கிடைத்திருந்தாலும் போகாமல் இருந்திருக்கலாம். அது வேறு பேச்சு. பிரஸ்டனை அவர் நேசித்தார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த நேசத்தைச் சோதித்துப் பார்க்கக் கிளப் தயாராக இல்லை என்பதையே சொல்கிறேன்.

கட்டை அறுத்துக்கொள்ளப் பார்த்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதையும் ஃபின்னி கண்ணால் பார்த்திருந்தார். அவரோடு இங்கிலாந்துக்கு ஆடிய வில்ஃப் மேனியன் 1948இல் மிடில்ஸ்பரோவில் கையெழுத்துப் போட மறுத்து, கோழிக்கூடு விற்கும் வேலைக்குப் போனார். மாதக்கணக்கில் ஆட்டம் இல்லை, கிளப் சம்பளம் இல்லை. 1949 தொடக்கத்தில் தலைகுனிந்து திரும்பி வந்தார். ஸ்டோக் சிட்டியின் நீல் ஃபிராங்க்ளின், இங்கிலாந்தின் நிரந்தர நடுக்காவல்காரர், 1950இல் கொலம்பியாவின் பொகோட்டாவுக்கே போய்விட்டார். அந்த நாட்டு லீக் அப்போது ஃபிஃபாவின் கட்டுக்குள் இல்லை. இங்கிலாந்துக் கிளப்பின் தடையும் அங்கே செல்லாது. அவருக்கு அந்த ஊர் ஒத்துவரவில்லை, சில மாதங்களிலேயே திரும்பினார். தடை விழுந்தது. பிறகு இங்கிலாந்து அணிக்கு அவரை ஒருநாளும் அழைக்கவில்லை. அதே ஊருக்குப் போய் ஓராண்டு ஆடிவிட்டு வந்த மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டக்காரர் சார்லி மிட்டனுக்கு ஆறு மாதத் தடையும் 250 பவுண்டு அபராதமும்.

பணம் இல்லாத காலம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். 1948-49 சீசனில் இங்கிலாந்து லீக் மைதானங்களுக்கு வந்தவர்கள் நாலு கோடிக்கும் மேல். 1951இல் ஜாக்கி சீவெல் என்பவரை நாட்ஸ் கவுண்ட்டியிடமிருந்து ஷெஃபீல்டு வெனஸ்டே 34,500 பவுண்டுக்கு வாங்கியது. விற்ற கிளப்புக்கு 34,500. விற்கப்பட்டவருக்கு முறைப்படி வரவேண்டியது அந்தப் பத்து பவுண்டு. கிளப்புப் பங்குதாரர்கள் லாபத்தைச் சுருட்டினார்கள் என்று சொல்ல மாட்டேன். பங்கு லாபத்துக்கும் உச்சவரம்பு இருந்தது. கிளப்புக்கும் கிளப்புக்கும் நடுவே பணம் தாராளமாக ஓடியது. ஆட்டக்காரரிடம் வந்ததும் ஓட்டம் நின்றது. சில கிளப்புகள் மேசைக்கடியில் கொடுத்தன. 1957இல் சண்டர்லாந்து அப்படிக் கொடுத்து மாட்டிக்கொண்டு, 5,000 பவுண்டு அபராதம் கட்டியது. சம்பளம் கொடுத்ததற்காக அபராதம்!

உங்கள் தரப்பில் ஒரு நல்ல வாதம் உண்டு, அதை மறைக்க எனக்கு மனம் இல்லை. எல்லாருக்கும் ஒரே சம்பளம் என்பதால்தான் பிரஸ்டன், பிளாக்பூல், பர்ன்லி போன்ற சின்ன ஊர்கள் லண்டனோடு சரிக்குச் சரி நின்றன. உண்மை. 1952-53 சீசனில் பிரஸ்டனும் ஆர்சனலும் 54 புள்ளிகளோடு சமமாக முடித்தன. அடித்த கோலை வாங்கிய கோலால் வகுத்துப் பார்க்கும் அந்நாள் கணக்கில் ஆர்சனலுக்கு 1.516, பிரஸ்டனுக்கு 1.417. பத்தில் ஒரு பங்கு கோல் வித்தியாசத்தில் பட்டம் போயிற்று. அடுத்த ஆண்டு வெம்பிளியில் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம். வெஸ்ட் பிராம்விச் ஆல்பியனிடம் 3-2 என்று தோல்வி. ஃபின்னி அன்றைக்குச் சரியாகவே ஆடவில்லை. 1957-58இல் உல்வ்ஸுக்கு அடுத்த இரண்டாம் இடம். ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருதை 1954இலும் 1957இலும், இரண்டு முறை வாங்கியவர். அவர் கையில் லீக் பட்டமோ எஃப்.ஏ. கோப்பையோ ஒன்றுகூடச் சேரவில்லை. போருக்குப் பின் கிடைத்தது இரண்டாம் டிவிஷன் பட்டம் ஒன்று மட்டும்.

1960 ஏப்ரலில் ஃபின்னி ஓய்வு பெற்றார். 1961இல் பிரஸ்டன் முதல் டிவிஷனிலிருந்து இறங்கியது. இன்றுவரை மேலே ஏறவில்லை. அதே ஆண்டில் உச்சவரம்பும் ஒழிந்தது; அதன்பிறகு பெரிய ஊர் கிளப்புகளோடு போட்டி போடுவது சின்ன ஊர்களுக்குக் கடினமாகிக்கொண்டே போனது. ஆகவே பழைய விதியால் நன்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. சின்ன ஊர்கள் தழைத்தன. அதற்கான செலவு முழுவதும் ஆட்டக்காரர்களின் சட்டைப்பையிலிருந்து போனது. அவர்களை யாரும் கேட்கவில்லை.

அந்த விதி தானாகப் போகவில்லை. 1957இல் ஆட்டக்காரர் சங்கத்தின் தலைவரானவர் ஃபுல்ஹாம் ஆட்டக்காரர் ஜிம்மி ஹில், தாடிக்காரர், நல்ல பேச்சாளர். 1961 ஜனவரி 21இல் வேலைநிறுத்தம் என்று நாள் குறித்தார்கள். அதற்காக மான்செஸ்டரில் நடந்த கூட்டத்தைப் பற்றி ஒரு கதை அடிக்கடி சொல்லப்படும். இளம் ஆட்டக்காரர் ஒருவர் எழுந்து, என் அப்பா சுரங்கத் தொழிலாளி, அவர் வாங்குவதைவிட எனக்குக் கிடைப்பது அதிகம், நமக்கு எதற்கு வேலைநிறுத்தம் என்று கேட்டிருக்கிறார். போல்டனின் டிஃபெண்டர் டாமி பேங்க்ஸ் எழுந்தார். உன் அப்பா வேலையை நான் செய்வேன். முப்பதாயிரம் பேர் பார்க்க நம்ம மேத்யூஸைத் தடுத்து நிறுத்த உன் அப்பாவால் முடியுமா என்று கேட்டாராம். மேத்யூஸும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தார். கூட்டம் வேலைநிறுத்தத்துக்குக் கை தூக்கியது. ஜனவரி 18இல் லீக் பணிந்தது, உச்சவரம்பு போயிற்று. ஃபுல்ஹாம் கிளப்பின் தலைவரான நகைச்சுவை நடிகர் டாமி டிரிண்டர், விதி மட்டும் இல்லாவிட்டால் தன் கிளப் ஆட்டக்காரர் ஜானி ஹெயின்ஸுக்கு வாரம் 100 பவுண்டு கொடுப்பேன் என்று முன்பு வாய்விட்டிருந்தார். கொடுக்க வேண்டியதாயிற்று.

கட்டிப்போடும் விதியை உடைத்தவர் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம். 1960இல் நியூகாசிலில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டு, தெற்கே போய் கார்க் விற்றுச் சாப்பிட்டார். அந்த ஆண்டு நவம்பரில் 47,500 பவுண்டுக்கு ஆர்சனலுக்கு விட்டுக்கொடுத்தார்கள். தனக்கு வேண்டியது கிடைத்துவிட்டதே என்று அவர் ஒதுங்கியிருக்கலாம். சங்கம் பின்னால் நிற்க, நியூகாசில் மேல் போட்டிருந்த வழக்கைத் தொடர்ந்து நடத்தினார். 1912இல் கிங்கபி என்ற ஆட்டக்காரர் இதே போன்ற வழக்கைப் போட்டுத் தோற்றிருந்தார். 1963இல் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ், அந்த முறை தொழில் செய்யும் உரிமைக்கு நியாயமற்ற தடை என்று தீர்ப்பெழுதினார்.

ஃபின்னிக்கு இவை எதுவும் உதவவில்லை. உச்சவரம்பு ஒழிவதற்கு ஒன்பது மாதம் முன்பு காலணியைக் கழற்றியவர். வாரம் 20 பவுண்டுக்கு மேல் கிளப் சம்பளம் கண்டதே கிடையாது. அதற்காக அவர் புலம்பித் திரிந்தவரும் அல்ல. சகோதரரோடு நடத்திய பிளம்பிங் தொழில் நன்றாக வளர்ந்தது. ஊரில் நீதித்துறை நடுவராக இருந்தார்; மாவட்ட சுகாதார நிர்வாகத்துக்கும் தலைமை தாங்கினார். 1963இல், நாற்பத்தோரு வயதில், பெல்ஃபாஸ்டின் டிஸ்டிலரி கிளப்புக்காக ஐரோப்பியக் கோப்பையில் ஓர் ஆட்டம் ஆடினார். எதிரே யூசேபியோவின் பென்ஃபிகா. 3-3 சமன். 1998இல் சர் பட்டம். 2014 பிப்ரவரி 14இல் காலமானார். டீப்டேல் மைதானத்தை ஒட்டிய சாலை இப்போது அவர் பெயரில் இருக்கிறது.

அவர் புலம்பவில்லை என்பதையே நீங்கள் சான்றாகக் காட்டுவீர்கள் என்று தெரியும். அநியாயத்தைப் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டவரைப் பாராட்டலாம். அதைக் காட்டி அநியாயத்தைப் பொற்காலம் என்று அழைப்பதும், இன்றைய ஆட்டக்காரர் தன் உழைப்புக்குச் சந்தையில் கிடைக்கும் விலையைக் கேட்டால் துரோகி என்பதும் ஃபின்னிக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அவரும் 1952இல் அந்தக் கேள்வியைக் கேட்டவர்தான். இன்றைய சம்பளங்கள் அளவு மீறிப் போய்விட்டன என்று நீங்கள் சொன்னால் நானும் பாதி ஒப்புக்கொள்வேன். அந்தச் சண்டையைக் கிளப்புகளோடும் ஒளிபரப்பு நிறுவனங்களோடும் போடுங்கள். இறந்துபோன ஒரு பிளம்பரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றாதீர்கள்.

ஒரு வேண்டுகோள். ஃபின்னியைப் பற்றி எழுதும்போது ஜிம்மி ஹில், ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் இருவர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். 1952இன் 14 பவுண்டையும் பலேர்மோவின் 10,000 பவுண்டையும் அடுத்தடுத்துப் போடுங்கள். படிப்பவர்கள் தாங்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

அன்புடன்,
உங்களைப் போலவே பழைய ஆட்டங்களைத் தேடிப் பார்க்கும் ஒருவன்